சின்னேரிக் கலங்கலை வெட்டிய அசரியா

அசரியாவின் வீட்டில் அடுப்பு கிடையாது. அவருடைய தகப்பனார் வீட்டிலும் இருந்ததில்லை. இரும்புலியூருக்குக் கிழக்கே, ரயில் பாதையைத் தாண்டி, ஊசிக்குன்றின் அடிவாரத்தில் சிந்தர்கள் கட்டிய எந்த வீட்டிலும் சமையலுக்கென்று ஓர் இடம் விடப்பட்டதில்லை. புகை போக வழி இல்லை, அம்மி இல்லை, உப்புச் சட்டி வைக்க ஒரு மூலை இல்லை. சுவர்கள் மட்டும் யானை முட்டினாலும் அசையாதவை. அந்தச் சுவர்களில் மேற்குப் பக்கத்தில், தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில், இருபுறமும் திறந்த ஒரு மாடம் இருக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் குறளர் வீடு. அங்கே அடுப்பு எரியும். மாடத்தின் வழியே சோறு இந்தப் பக்கம் வரும்.

சிந்தர்கள் நான்கடிக்குச் சற்றுக் குறைந்தவர்கள். அகன்ற தோளும் முழங்காலைத் தொடும் கைகளும் உடையவர்கள். கல்லுடைப்பதும் கல் செதுக்குவதும் அவர்கள் பிழைப்பு. குறளர்கள் அவர்களுடைய மார்பளவே வளர்பவர்கள். தண்ணீரும் கீரைப்பாத்தியும் பக்கத்தில் இல்லாவிட்டால் குறளர்களுக்குத் தூக்கம் பிடிக்காது. ஜி.எஸ்.டி. சாலையில் பஸ்ஸுக்கு நின்ற நம்மவர்களுக்கு இரண்டு கூட்டமும் ஒன்றுதான். குள்ளர்கள் என்று சொல்லி முடித்துவிடுவோம். அவர்களும் நம்மை நெட்டையர் என்று ஒரே பெயரில் அழைத்தார்கள். நம்மில் யார் வாத்தியார், யார் குமாஸ்தா என்று பிரித்துப் பார்க்கவில்லை.

குறளர்கள் சின்னேரிக் கரைக்கு வருவதற்கு முன் சிந்தர்கள் குன்றின் குடைவுகளுக்குள் தனித்தனியே வசித்ததாகவும், ஆளுக்கொரு மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஊறவைத்த கேழ்வரகைத் தின்றதாகவும், உண்ணும்போது பேசுவதை இழிவாகக் கருதியதாகவும் பழைய மிஷன் அறிக்கை ஒன்று கூறுகிறது. பிறகு ஏன் குன்றைவிட்டு இறங்கி வந்தார்கள் என்பதற்கு அதில் விளக்கம் இல்லை. அசரியாவின் அக்கா தபீதாளைக் கேட்டால் விளக்கம் கிடைக்கும்.

"கொயம்பு வாசனைக்குத்தான். வேற இன்னாத்துக்கு?"

இறங்கி வந்தவர்கள் வீடு கட்டினார்கள். தங்களுக்கு ஒன்று, ஒட்டினாற்போல் குறளர்களுக்கு ஒன்று. ஒன்று கல்வீடு, மற்றது அடுப்புவீடு. கல்வீட்டுக்காரர் அடுப்புவீட்டின் சுவர், படி, கிணறு, ஆட்டுக்கல் எல்லாவற்றுக்கும் பொறுப்பு. அடுப்புவீட்டுக்காரி இரண்டு வீட்டு வயிற்றுக்கும் பொறுப்பு. இதற்குக் கணக்கு வழக்கு எதுவும் இருக்கவில்லை. சிந்தர்கள் ஞானஸ்நானம் பெற்றுக் குன்றுக்குள்ளேயே ஒரு கோயிலைக் குடைந்துகொண்ட பிறகும் இந்த ஏற்பாடு மாறவில்லை. கிறிஸ்துமஸுக்கு அதிரசம் சுட்டவர்கள் கன்னியம்மனைக் கும்பிட்ட குறளர்கள்தாம். சாப்பிடும்போது பேசவும், பேசும்போது சிரிக்கவும், பிறர் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் சிந்தர்கள் அந்த மாடத்தின் வழியேதான் கற்றார்கள். அழ மட்டும் கற்கவில்லை. கல்வீட்டுச் சாவுக்கும் அடுப்புவீட்டுப் பெண்களே வந்து அழுதுவிட்டுப் போனதால் அதற்குத் தேவை ஏற்படவில்லை.

அளவைப் பற்றியும் ஒரு வழக்கம் இருந்தது. குறளர்களுக்காகச் செய்யும் எந்த வேலைக்கும் குறளர் கைதான் அளவு. படிக்கட்டானாலும் நிலைவாசலானாலும், அந்த வீட்டுப் பெண் வந்து முழங்கை முதல் விரல் நுனி வரை கல்லின்மேல் வைப்பாள். சிந்தன் காவிக் கட்டியால் கோடு கிழித்து, அந்தக் கோட்டில்தான் உளியை வைப்பான். நோயில் கிடந்தாலும் கட்டிலோடு தூக்கி வந்து கை வைக்கச் செய்ததுண்டு. ஒருத்தியின் வேலைக்கு வேறொருத்தி கையை வைப்பது, முதலாமவள் இறந்துவிட்டாள் என்று சொல்வதற்குச் சமம்.

கோயில் பதிவேட்டின்படி அசரியா 1920இல் பிறந்தார். கைக்குழந்தையாக இருந்தபோதே தாய் இறந்ததால், மாடத்தின் வழியே நீண்ட ஒரு குறளச்சியின் கைதான் அவருக்கு ஊட்டியது. அந்தக் குறளச்சிக்கு வெகுகாலம் கழித்துப் பிறந்த ஒரே பெண் கங்கம்மா. அசரியாவுக்கு அப்போது இருபது வயது. தவழத் தொடங்கிய நாளிலிருந்து கங்கம்மா வாசல் வழியாக வந்ததே இல்லை. மாடத்துக்குள் நுழைந்து இந்தப் பக்கம் விழுவாள். உளி, சம்மட்டி, ஆப்பு என்று கைக்கு எட்டியதையெல்லாம் இழுத்துப் போடுவாள்.

அசரியாவுக்கு ஒருமுறை செங்கல்பட்டுக்கு அப்பால் பெண் பார்த்தார்கள். சிந்தர் குலத்துப் பெண்தான். ஆனால் அந்த ஊரில் குறளர்கள் இல்லை. தானே சமைத்துப் போடுவதாக அவள் சொன்னாள். பேச்சு அத்துடன் முடிந்தது. பிறகு அவர் மணம் செய்துகொள்ளவில்லை. கணவனை இழந்து திரும்பிய தபீதாள் அவருடன் தங்கினார்.

கங்கம்மாவுக்குக் கிட்டு வாய்த்தான். கூடுவாஞ்சேரிப் பக்கத்துக் குறளன். கீரைக்கட்டுகளைத் தலைமேல் வைத்துக்கொண்டு தாம்பரம் மார்க்கெட்டுக்கு ஓட்டமும் நடையுமாகப் போய்வருபவன். அவர்களுடைய மகள் லோகநாயகியும் தாயைப் போலவே மாடத்தின் வழியேதான் வந்தாள். அசரியா சாப்பிட உட்கார்ந்தால் அவர் மடியில் ஏறிக்கொள்வாள்.

"இன்னாண்ணே, சத்தத்தையே காணோம்? கொயம்பு புடிக்கலியா?" என்று சுவருக்கு அப்பாலிருந்து கங்கம்மா கேட்பாள்.

"உன் பொண்ணு வுட்டாத்தானே துன்றதுக்கு. மீன் பூரா அவ வாயிலதான் கீது."

"நீ முள்ளப் பாத்துக் குடுண்ணே. அப்பறம் தொண்டையில மாட்டிக்கினா கல்லு வெட்ற மாரி வெட்டியா எடுப்ப?"

தபீதாள் ஓர் ஓரமாக உட்கார்ந்து, ஊரில் எந்தக் கல்வீட்டுக்கும் இவ்வளவு உறைப்பாகக் குழம்பு போவதில்லை என்று முறையிடுவார். முறையிட்டுக்கொண்டே இரண்டாம் முறை தட்டை மாடத்தில் வைப்பார். இவ்வாறுதான் அசரியாவின் நாற்பத்தாறு ஆண்டுகள் கழிந்தன.

அறுபத்தாறாம் ஆண்டு நவம்பரில் புயல் வந்தது. சின்னேரி அகலமான, ஆழம் குறைந்த ஏரி. உபரி நீர் வெளியேறும் கலங்கல் குன்றின் ஓரத்தில் இயற்கைப் பாறையாலேயே அமைந்திருந்தது. அந்தப் பாறையின் விளிம்பு உயரமானது. அதனால் அந்த மழையின் வேகத்துக்குத் தண்ணீர் வெளியேற முடியாமல், கங்கம்மா வீட்டுக் கொல்லைப்புறம் கரை தாழ்ந்திருந்த இடத்தில் வழிந்து உள்ளே புகுந்தது. கரையின் கடைசி வீடு அது. பட்டப்பகல்தான். பெரியவர்கள் தானிய மூட்டைகளைத் தூக்கி மேலே வைத்துக்கொண்டிருந்தபோது, நான்கு வயது லோகநாயகி ஆட்டுக்குட்டியை அவிழ்த்துவிடக் கொல்லைக்குப் போனாள். ஆட்டுக்குட்டி நீந்திக் கரையேறிவிட்டது. குழந்தையைக் கலங்கல் பாறையில் கண்டெடுத்துத் தூக்கி வந்தவர் அசரியா.

குறளர்கள் அழுதார்கள். சிந்தர்கள் கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார்கள். தங்கள் சாவுகளுக்கெல்லாம் அழுத பெண்களுக்கு இப்போது எதைத் திருப்பிச் செய்வதென்று அவர்களுக்குத் தெரியவில்லை. அன்று மாலையும் மாடத்தில் சோறு இருந்தது. அடிப்பிடித்த சோறு, கிட்டு வடித்தது.

மழை ஓய்ந்ததும் குறளர்கள் கூடிப் பேசி, கலங்கல் விளிம்பை இரண்டு முழம் இறக்கிவிடுவது என்று முடிவு செய்தார்கள். கிட்டுதான் சொல்ல வந்தான்.

"ரெண்டு மொழம் எறக்கினா போதும்ணே. அதுக்கு மேல வாணாம், கோடைக்குத் தண்ணி நிக்காது."

"யாரு கை?" என்றார் அசரியா.

"கடைசி வூடு எங்குளுதுதானே. அவ கைதான் வெக்கணும்."

"எய்ந்திரிச்சாளா?"

"செவுத்தப் பாத்துகினு படுத்துகீறா. நான் கூப்ட்டா வரல. நீ கூப்டுண்ணே, வருவா."

அசரியா காவிக் கட்டியை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டு வாசலுக்குப் போனார். கங்கம்மா பாயில் கிடந்தாள். ஒரு கை பாய்க்கு வெளியே, தரையில் நீட்டிக் கிடந்தது. உள்ளங்கை மேல்நோக்கித் திறந்திருந்தது. அவர் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பாறையில் எந்த இடத்தில் குழந்தையின் தலை சாய்ந்திருந்தது என்பது அவருக்குத் தெரியும். அதே பாறைக்கு இவளை எழுப்பி அழைத்துப் போய், இந்தக் கையை அதன்மேல் வை என்று சொல்ல வேண்டும். அவர் காவிக் கட்டியை மடியில் செருகிக்கொண்டு திரும்பிவிட்டார்.

வேறு பெண்கள் தங்கள் கையை வைப்பதாக முன்வந்தார்கள். அசரியா சம்மதிக்கவில்லை. உயிரோடு இருப்பவளை இல்லாதவளாக்கும் காரியம் அது. கல்லின்மேல் தம்முடைய கையையே வைத்தார். முழங்கை முதல் விரல் நுனி வரை, இரண்டு முறை. சிந்தன் கை குறளச்சியின் கையைவிட நீளம் என்பதை அவர் மறந்துவிடவில்லை. கல் வேலையில் பழகிய மனம் அது. தாங்கவேண்டிய பாரத்துக்கு மேலே கொஞ்சம் கூடுதலாக விட்டுச் செய்வதுதான் பத்திரம் என்று பழகியிருந்தது. ஒரு சாண் கூடுதலாக இறங்கினால் இனி எந்த மழைக்கும் தண்ணீர் அவள் வாசலை எட்டிப் பார்க்காது. அந்த ஒரு சாண், குழந்தைக்காக என்று நினைத்துக்கொண்டார்.

தபீதாள் கலங்கலுக்குத் தண்ணீர் கொண்டுவந்தபோது கோட்டைப் பார்த்தார்.

"யாரு கைடா இது?"

"என் கைதான்."

"அவள கேட்டியா?"

"எப்டிக்கா கேக்கறது?"

தபீதாள் கொண்டுவந்த செம்பை வைத்துவிட்டுப் போனார்.

கிறிஸ்துமஸுக்கு முன் வேலை முடிந்தது. ஊசிக்குன்றுச் சிந்தர்கள் செய்த வேலைகளில் அதைவிட ஒழுங்கான வெட்டு வேறு இல்லை என்று பார்த்தவர்கள் இன்றும் சொல்கிறார்கள். தண்ணீர் சிறு ஓசையுடன் கண்ணாடிபோல் வழிந்து, கால்வாயில் இறங்கி, கிழக்கே பள்ளிக்கரணைச் சதுப்பை நோக்கிப் போயிற்று. குறளர்கள் வந்து பார்த்துத் திருப்தியுடன் திரும்பினார்கள். யாரும் அளக்கவில்லை. சிந்தன் வெட்டிய கல்லை அளந்து பார்ப்பது அவன் முகத்தில் அறைவதைப் போன்றது.

அடுத்த பங்குனியில் ஏரி வற்றியது. வழக்கமாக ஆனி வரை கீரைப்பாத்திகளுக்குப் பாயும் தண்ணீர், மதகுக்குக் கீழே சேறாகக் கிடந்தது. கல்லில் ஒரு சாண் என்பது ஒன்றுமில்லை. அகன்று கிடக்கும் ஏரியில் ஒரு சாண் என்பது ஒரு கோடைக்குரிய தண்ணீர். அந்தக் கணக்கு குறளர்களுக்குத் தெரியும், சிந்தர்களுக்குத் தெரியாது.

கங்கம்மா அதற்குள் எழுந்து நடமாடத் தொடங்கியிருந்தாள். ஒருநாள் காலை, குன்றின்மேல் கல் பிளந்துகொண்டிருந்த அசரியா, அவள் குடத்துடன் ஏரிக்கரை வழியே வருவதைக் கண்டார். கலங்கலருகே குடத்தை வைத்தாள். வெட்டுண்ட பாறையின் பக்கச் சுவரில் கையை நிறுத்தி வைத்து, விரல் நுனி பட்ட இடத்தை மறு கையால் பிடித்துக்கொண்டு, அங்கிருந்து இன்னொரு முறை வைத்தாள். இரண்டு முழம் முடிந்த பிறகும் வெட்டுக் கீழே போய்க்கொண்டிருந்தது. மிஞ்சியிருந்த அந்த இடத்தைச் சற்று நேரம் உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். பிறகு வெறுங்குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். குன்றை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

அன்று மதியம் அசரியா மாடத்தின் முன் உட்கார்ந்து காத்திருந்தார். அவள் என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தார். சோறு வந்தது. முருங்கைக்கீரை, புளிக்குழம்பு, அவருக்குப் பிடிக்கும் என்று கருக வறுத்த வடகம்.

"கங்கம்மா, அந்தக் கலங்கல..."

"சோறு ஆறுது. துன்னுண்ணே."

அவ்வளவுதான். மறுநாளும் சோறு வந்தது. ஒரு வேளைகூடத் தவறவில்லை, உப்புக்கூடக் குறையவில்லை. பேச்சு மட்டும் மாடத்தின் அந்தப் பக்கமே தங்கிவிட்டது. அசரியா தட்டை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்த தபீதாள் ஒருநாள், "அவ உன்ன நாலு வார்த்த திட்டியிருந்தா நீ பொயச்சிருப்ப. சோறு போட்டே கொல்றா," என்றார். கொல்லவேண்டும் என்று அவள் எண்ணியிருப்பாள் என அசரியா ஒருகாலும் நம்பவில்லை. கங்கம்மாவுக்கு அவரைப் பட்டினி போடத் தெரியாது. அவரிடம் பேசுவதற்கும் அவளிடம் ஒன்றும் இல்லை.

ஏரி பின்வாங்கிய இடத்தில் தரை வெளுத்துக் கிடந்தது. அடுத்த ஆண்டும் தண்ணீர் அந்த எல்லையை எட்டாததால், மனைத் தரகர் வைத்தீஸ்வரன் ஒரு வரைபடத்துடன் வந்து முளைகளை நட்டார். தபால் ஆபீஸ்காரர்கள், பள்ளி ஆசிரியர்கள், மாம்பலத்தில் வாடகை கொடுத்துச் சலித்தவர்கள் என்று ஞாயிற்றுக்கிழமைகளில் மின்சார ரயிலில் வந்து மனை பார்த்தார்கள். சிலர் வீடு கட்டக் கடைக்கால் தோண்டினார்கள்.

அசரியா கலங்கலை மீண்டும் உயர்த்துவதென்று தீர்மானித்தார். இந்த முறை முறைப்படி கங்கம்மாவை அழைத்தார். அவள் வந்தாள். மகள் கிடந்த பாறையின்மேல் கையை நீட்டி வைத்தாள். அவர் குனிந்து காவிக்கோடு கிழிக்கும்போது, "உனக்கு முடி நரச்சிப் பூட்ச்சுண்ணே," என்றாள். அந்த இரண்டு ஆண்டுகளில் சோற்றைத் தவிர வேறொன்றைப் பற்றி அவள் அவரிடம் சொன்ன முதல் சொல் அது. அசரியாவுக்கு அது போதுமானதாக இருந்தது. செதுக்கிய கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கி, கூடுதலாக வெட்டிய ஒரு சாண் உயரத்தை அடைத்தார். நான்கைந்து நாள் அந்தப் பழைய குரலும் திரும்பியது; குழம்பு உறைப்பா என்று சுவருக்கு அப்பாலிருந்து கேள்வி வந்தது.

ஐப்பசி மழைக்கு ஏரி பழைய எல்லைக்கு ஏறியது. கடைக்கால்களில் தண்ணீர் நின்றது. மனை வாங்கியவர்கள் கடப்பாரைகளுடன் வந்தார்கள். முரடர்கள் அல்லர், வேட்டியை மடித்துக் கட்டிய, மூக்குக்கண்ணாடி போட்ட சம்பளக்காரர்கள். வைத்தீஸ்வரன் அசரியாவிடம் வந்து தாழ்ந்த குரலில் பேசினார்.

"தப்பா நினைச்சுக்காதீங்கோ பெரியவரே. எல்லாரும் பி.எஃப். பணத்தைப் போட்டு வாங்கினவா. ரெண்டு வருஷமா தண்ணி இங்க வரலேன்னு நீங்களே பாத்தேளே. இப்ப திடீர்னு ஏரின்னா அவா எங்க போவா?"

"தண்ணி வராம பண்ணது நான்தான் சார். என் கைதான் ஜாஸ்தியா பூட்ச்சு."

வைத்தீஸ்வரனுக்கு அது விளங்கவில்லை. அவர் சொன்ன பதில், "பரவாயில்லை, விடுங்கோ," என்பது.

கடப்பாரையை எந்த இணைப்பில் செருகினால் கல் பெயரும் என்பது வந்தவர்களுக்குத் தெரியவில்லை. அடுக்கிய கற்களைப் பெயர்த்தெடுக்க நெடுநேரம் பிடித்தது. அசரியா நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் அவர் மறுபடி கல் எடுக்கப் போனபோது கிட்டு வந்து கையைப் பிடித்துக்கொண்டான்.

"உடுண்ணே. பேஜார் வாணாம். அவங்களும் புள்ளகுட்டிக்காரங்கோ."

அதன் பிறகு குறளர்கள் ஒவ்வொரு வீடாகக் கிளம்பினார்கள். எங்கே போவது என்பதில் அவர்களுக்குக் குழப்பம் இருக்கவில்லை. சின்னேரியை விட்டு வெளியேறிய தண்ணீர் கால்வாய் வழியே பள்ளிக்கரணைக்குப் போயிருந்தது. அவர்களும் அதே கால்வாயோரம் மாட்டுவண்டிகளில் போனார்கள். ஊசிக்குன்றின் அடுப்புவீடுகள் ஒவ்வொன்றாக அவிந்தன. கங்கம்மாவின் வீடு மட்டும் மிஞ்சியது.

"நீ இருந்துடு கங்கம்மா," என்று அசரியா மாடத்தில் முகத்தை வைத்துக் கேட்டார். யாரையும் எதற்கும் கேட்டுப் பழகாத குலத்தில் பிறந்தவர் அவர். "உன் கொல்லையில கெணறு வெட்டித் தரேன். பாறைக்கு அடியில தண்ணி கீது. எனக்குத் தெரியும்."

சுவருக்கு அப்பால் பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றது. "வெட்டுண்ணே. இந்தக் கோட போவட்டும், இருக்கறோம்," என்றாள். மாமன் மச்சான்களெல்லாம் வண்டியனுப்பிக் கூப்பிட்டும் கிட்டு அந்தக் கோடை முழுவதும் சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தான்.

அசரியா வெட்டினார். ஐம்பது வயதில், தனியாக, காலை முதல் பொழுது சாயும் வரை பாறைக்குள் இறங்கினார். குன்று அவரிடம் எதையும் மறைத்ததில்லை. காதை வைத்துத் தட்டினால் எங்கே ஈரம் ஓடுகிறது என்று சொல்லிவிடுவார். இந்த முறையும் தட்டிப் பார்த்துத்தான் இடம் குறித்தார். மதியச் சோற்றைக் கங்கம்மா தூக்குச்சட்டியில் போட்டுக் கயிற்றில் இறக்குவாள். நாளுக்கு நாள் கயிறு நீண்டது. ஒருநாள் அவர் எதிர்பார்த்த அடுக்கு வந்தது. கறுப்புப் பாறைக்கு நடுவே பழுப்பு நிறத்தில் ஒரு விரிசல். தண்ணீர் ஓடிய தடம் அதில் தெளிவாக இருந்தது. விரலை விட்டுப் பார்த்தார். புழுதி வந்தது. அந்த விரிசலுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்ததே சின்னேரிதான் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

அதற்குக் கீழேயும் வெட்டினார். ஏன் வெட்டினார் என்பதற்குத் தொழில் ரீதியாகக் காரணம் சொல்ல முடியாது. ஒருநாள் மதியம் தூக்குச்சட்டி இறங்கவில்லை. மேலே வட்டமாகத் தெரிந்த வெளிச்சத்தில் கங்கம்மாவின் தலை தெரிந்தது.

"மேல வாண்ணே," என்றாள்.

"இன்னும் கொஞ்சந்தான். நாளைக்குள்ள..."

"போதும். மேல வா."

குரலில் கடுமை இல்லை. உடல் சரியில்லாதவனைக் கூப்பிடும் குரல் அது. அசரியா உளிகளைப் பொறுக்கிக் கூடையில் போட்டார். அது எழுபதாம் ஆண்டின் ஆடி மாதம்.

வண்டி புறப்பட்ட அன்று கங்கம்மா அடுப்பைச் சாணமிட்டு மெழுகி, சாம்பலைத் துடைத்து, கதவைத் திறந்தே விட்டுவிட்டுப் போனாள். மாடத்தில் இரண்டு வேளைக்குச் சோறு வைத்திருந்தாள். மதியத்துக்குரியதை அக்காவும் தம்பியும் உண்டார்கள். இரவுக்குரியதை அசரியா தொடவில்லை, தபீதாளையும் தொடவிடவில்லை. அது புளித்துப் பொங்கிய பிறகு தபீதாள் எடுத்துக் கொட்டினார். பாத்திரத்தைத் தேய்த்துக் கழுவி, வழக்கப்படி மாடத்தில் வைக்கப் போனவர், அந்தப் பக்கத்து இருட்டைப் பார்த்துவிட்டு அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

சிந்தர்கள் அடுப்புக் கட்டிப் பார்த்தார்கள். அழகான அடுப்புகள், மூட்டினால் வீடு முழுவதும் புகை நிறைந்தது. இளையவர்கள் தாம்பரம் ஸ்டேஷன் எதிரே ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிடப் பழகி, பிறகு வேறு கல் குவாரிகளைத் தேடிப் போனார்கள். இருந்தவர்கள் அரைகுறையாக வெந்ததை ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து தின்றார்கள். பேச்சு குறைந்தது. எழுபத்திரண்டாம் ஆண்டில் அங்கே சென்று வந்த போதகர் ஒருவர், ஒரே வீட்டில் இருவர் சுவரைப் பார்த்தபடி எதிரெதிர் மூலைகளில் உண்பதைக் கண்டு, சண்டையாக்கும் என்றெண்ணிச் சமாதானம் செய்ய முயன்றதாகக் குறித்திருக்கிறார். அந்த இருவர் அசரியாவும் தபீதாளுமா என்பதை உறுதி செய்ய முடியவில்லை.

அசரியா 1977இல் காலமானார். அழுவதற்கு யாரும் வரவில்லை என்று தபீதாள் சொன்னார். வரச் சொல்லி ஆள் அனுப்பினீர்களா என்று கேட்டதும் அவர் எழுந்து உள்ளே போய்விட்டார்.

அவர் இறப்பதற்குச் சில ஆண்டுகள் முன்பு, எழுபத்து மூன்றாம் ஆண்டில், ஒரே ஒருமுறை பள்ளிக்கரணைக்குப் போய்வந்தார். கால்வாயோரமாகவே நடந்தார். சதுப்பின் விளிம்பில், கோரைக்கு நடுவே, குறளர்களின் ஓலைக்குடிசைகள் வரிசையாக இருந்தன. கங்கம்மா பொன்னாங்கண்ணிப் பாத்தியில் குனிந்திருந்தாள். அவரைக் கண்டதும் கையைக் கழுவிக்கொண்டு விரைந்து வந்தாள்.

"வாண்ணே, வா. எம்மாந்தூரம் நடந்தே வந்துகீற. உக்காரு."

குடிசையின் முன்பக்கத்தில் புதுப்பாய் விரித்தாள். இரண்டு வயதுப் பையன் ஒருவன் அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு வந்தவரைப் பார்த்தான். அசரியா கையை நீட்டினார். பையன் தாயின் பின்னால் ஒளிந்துகொண்டு, "ஆரும்மா?" என்றான்.

"ஊருலேர்ந்து வந்துகீறாரு. மாமாக்கு வணக்கம் சொல்லு."

கிட்டு வந்தான், மழை, கோரை விலை, ஏரியில் எத்தனை வீடு எழும்பியது என்றெல்லாம் பேசினான். உள்ளே அடுப்பு எரியும் வாசனை வந்தது. அசரியா தம்மையறியாமல் சுவரை நோக்கித் திரும்பி உட்கார்ந்திருந்தார். ஓலைத்தட்டி அது. கங்கம்மா வாசல் வழியாக வந்து, அவர் முன்னால் வாழையிலையைப் போட்டுத் தண்ணீர் தெளித்தாள். சோறு, கீரை, மீன் குழம்பு, பொரித்த அப்பளம். அவள் எதிரே நின்று ஒவ்வொன்றாகப் பரிமாறினாள். "இன்னும் கொஞ்சம் வெக்கட்டா? கூச்சப்படாத, கேட்டு வாங்கித் துன்னுண்ணே," என்றாள். அவர் எவ்வளவு சாப்பிடுவார் என்பது பிறந்த நாள் முதல் அந்த வீட்டுக்குத் தெரியும். யாரும் கேட்டதில்லை.

கடைசியில் ஒரு கிண்ணத்தில் பாயசம் வந்தது. வெல்லமும் ஏலக்காயும் போட்டு அவசரமாகக் காய்ச்சியது. குறளர்கள் வெளியாருக்குத்தான் பாயசம் வைப்பார்கள். தொலைவிலிருந்து வந்து, சாப்பிட்டுத் திரும்பிப் போகிறவருக்கு வைக்கும் மரியாதை அது. ஐம்பது ஆண்டுகளில் ஊசிக்குன்று மாடத்தின் வழியே ஒரு நாளும் பாயசம் வந்ததில்லை.

அசரியா கிண்ணத்தைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். அவள் முகத்தில் கோபம் ஏதாவது தென்படுகிறதா என்று தேடினார். நல்லபடியாகச் செய்திருக்கிறோமா என்ற கவலைதான் அதில் இருந்தது. அவர் பாயசத்தை முழுவதும் குடித்தார். இலையை எடுக்கக் குனிந்தபோது அவள் தடுத்தாள்.

"நீ எடுக்கக் கூடாதுண்ணே. வெய்யி, நான் எடுக்கறேன்."

அந்தக் கால்வாயோரம் மறுபடியும் நடந்து, பொழுது சாயும் நேரத்தில் அவர் வீடு சேர்ந்தார். தபீதாள் அரிசி களைந்துகொண்டிருந்தார்.

"பாத்தியா?"

"பாத்தேன்."

"நல்லா கீறாளா?"

"கீறா. ஒரு பையன் கீறான்."

"துன்னியா?"

"துன்னேன்."

"இன்னா போட்டா?" தபீதாளின் குரலில் பழைய ஆசை எட்டிப் பார்த்தது.

"சோறு, பொன்னாங்கண்ணி, மீன் கொயம்பு, அப்பளம்," என்றார் அசரியா. சற்றுப் பொறுத்து, "பாயசம்," என்றார்.

தபீதாளின் கை அரிசிக்குள் நின்றது. பிறகு களைந்த தண்ணீரை வாசலில் ஊற்றிவிட்டு உள்ளே வந்து, விளக்கேற்றாமலே தம்முடைய மூலையில் போய் உட்கார்ந்துகொண்டார்.